இதய பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே எழுப்பி உட்கார வைக்கிறாங்க, இது சரியா? வேலூர் பக்கம் அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

குடியாத்தத்தான் | பிப்ரவரி 9, இரவு 10:48

எல்லாருக்கும் வணக்கம். எங்க நைனாவுக்கு (அப்பாவுக்கு) வயசு 62. லுங்கி நெசவு, நாப்பது வருஷமா பள்ளத்துல காலை விட்டு நெய்யற குழித்தறிதான். ஜனவரி 29 அன்னைக்கு வேலூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பைபாஸ் பண்ணோம். மூணு அடைப்பு. நெஞ்சுக்குள்ள இருந்தே ஒரு ரத்தக்குழாய், இடது கால்ல இருந்து நரம்பு எடுத்து ரெண்டு. சுகர் உண்டு. பீடி இருந்தது, இப்ப இல்ல.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் காலையில ஐசியுக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, பிசியோவாம் (இயன்முறை சிகிச்சை குடுக்கிறவங்க). வயித்துக்கு மேல ரெண்டு குழாய் தொங்குது, கழுத்துல ஒரு லைன், மூக்குல ஆக்சிஜன். அப்படியே எழுப்பி நாற்காலியில உட்கார வெச்சுட்டாங்க. எங்க மாமா (அம்மாவோட தம்பி) கண்ணாடி வழியா பாத்துட்டு, "மனுசனை அறுத்து ஒரு நாள் ஆவல, அதுக்குள்ள டிரில் வாங்குறாங்களா"ன்னு ஒரே சத்தம். மூணாம் நாள் வராண்டாவுல நடை. ஆறாம் நாள் படிக்கட்டு. ஏழாம் நாள் வீடு.

வீட்டுக்கு வந்ததும் கதை தலைகீழ். மாமா, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆயா எல்லாரும் சேர்ந்து "பச்ச உடம்பு, மூணு மாசம் அலட்டக்கூடாது"ன்னு படுக்க வெச்சுட்டாங்க. நாலு நாளா சாப்பாடு, ஒண்ணுக்கு எல்லாமே படுக்கையிலதான். மூச்சுப் பயிற்சிக்குன்னு மூணு பந்து வெச்ச டப்பா ஒண்ணு குடுத்து அனுப்பினாங்க, அதுல ஒரு பந்துகூட ஏற மாட்டேங்குது. என்னென்ன செய்யணும்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க, முழுக்க இங்கிலீஷ். எனக்கே பாதி புரியல, நைனாவுக்கு எங்க புரியும்.

யார் சொல்றதைக் கேக்கறது?

இரவுப்பணி | பிப்ரவரி 9, இரவு 11:15

இதய அறுவை வார்டு நர்ஸ். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க தம்பி. காய்ச்சல் இருக்கா? காயத்துல நீரோ சீழோ கசியுதா? இருமும்போது நெஞ்செலும்பு "கடக்"னு நகர்ற மாதிரி இருக்கா? மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுதா? ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிக்குதா? ரெண்டு நாள்ல எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கா? ஒண்ணுக்காவது ஆமான்னா இந்த இழையை மூடிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

குடியாத்தத்தான் | பிப்ரவரி 9, இரவு 11:31

காய்ச்சல் இல்லக்கா. காயம் காஞ்சிருக்கு. நரம்பு எடுத்த கால் கணுக்கால்ல கொஞ்சம் வீக்கம், வலி இல்ல. எடை பாக்கல. ராத்திரி இருமல் இருக்கு, ஆனா வலிக்கும்னு பயந்து அடக்கிக்கறாரு.

மூச்சுப்பந்து | பிப்ரவரி 10, காலை 5:52

நான் பிசியோ. பன்னிரண்டு வருஷமா நெஞ்சு அறுவை ஐசியுவிலதான் வேலை. உங்க மாமா மாதிரி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு என்னைத் திட்டினவங்களை எண்ண முடியாது. அவர்மேல எனக்கு வருத்தம் இல்ல. வெளியில நின்னு பாக்கிறவங்களுக்கு அது கொடுமையாத்தான் தெரியும்.

உள்ளே நடக்கிறது இதுதான். நைனா பல மணி நேரம் மயக்கத்துல, மெஷின் மூச்சுல இருந்திருக்கார். நுரையீரலோட அடிப்பாகம், குறிப்பா இடப்பக்கம், நனைஞ்ச பாலிதீன் பை ஒட்டிக்கிட்ட மாதிரி மடிஞ்சு கிடக்கும். நெஞ்சுக்குள்ள இருந்து ரத்தக்குழாய் எடுத்தா இடது நுரையீரல் உறையையும் பெரும்பாலும் திறக்க வேண்டியிருக்கும். அதனால அந்தப் பக்கம்தான் நீர் கோக்கும், சுருங்கும். போதாததுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு ஆள் மேலாக்கத்தான் மூச்சு விடுவார், சளியைத் துப்ப மாட்டார். பீடி குடிச்ச நெஞ்சுன்னா சளிக்குச் சொல்லவே வேணாம். மல்லாக்கப் படுத்திருந்தா வயிறு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற மூச்சுத் தசையை) மேல தள்ளும். எழுந்து உட்கார்ந்த நிமிஷமே வயிறு கீழ இறங்கி, நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். நாற்காலியில உட்கார வைக்கிறதுக்கு முதல் காரணம் அதுதான்.

அதுக்கப்புறம்தான் கால்ல ரத்தம் கட்டாம இருக்க, தசை கரையாம இருக்க, எழுந்தா பிபி விழாம பழக. மறுநாள் உட்காருறது, ரெண்டாம் மூணாம் நாள் கட்டிலைச் சுற்றி, அப்புறம் வராண்டா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மாடிப்படி. இது எங்க இஷ்டத்துக்குப் போட்ட டிரில் இல்ல. பல ஊர் ஆஸ்பத்திரிகள்லயும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்.

இப்ப உங்க வீட்டு விஷயம். ஆறாம் நாள் படி ஏறின மனுஷன் பதிமூணாம் நாள் படுக்கையில ஒண்ணுக்குப் போறார்னா, ஆஸ்பத்திரியில சேர்த்ததையெல்லாம் வீட்ல கரைச்சுட்டீங்கன்னு அர்த்தம். இன்னைக்கே ஆரம்பிங்க. வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு நாலு தடவை. தினமும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூட்டலாம். ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல அரை மணி நேர நடைக்கு வந்துடணும். அளவுகோல் ரொம்ப சுலபம், நடந்துகிட்டே உங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியணும். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினா வேகம் ஜாஸ்தி. நாடித்துடிப்பை மட்டும் நம்பாதீங்க. மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பைக் குறைக்கிற மாத்திரை போட்டிருந்தா துடிப்பு அவ்வளவா ஏறாது, ஆனா ஆள் களைச்சிருப்பார்.

இருமல் வந்தா அடக்க விடாதீங்க. ஒரு தலையணையோ மடிச்ச துண்டோ எடுத்து நெஞ்சோட சேர்த்துக் கட்டிப்பிடிச்சுகிட்டு இரும வைங்க. வலி மாத்திரை போட்டு அரை மணி கழிச்சு செஞ்சா இன்னும் நல்லது.

அந்தப் பந்து டப்பா பத்தி ஒரு கேள்வி: ஊதுறாரா, உறிஞ்சுறாரா?

கோட்டைவாசல் | பிப்ரவரி 10, காலை 8:20

தம்பி, நான் ரிடையர்டு கண்டக்டரு. திருத்தணி ரூட்டு, சர்வீஸ் முழுக்க நின்னுக்கினே வேலை பாத்தவன். 2011ல எனக்கு நாலு கிராஃப்ட் (மாத்து ரத்தக்குழாய்) போட்டாங்க. பக்கத்து பெட்ல ஒரு வங்காளத்துக்காரரு. வேலூர்லதான் தெரியுமே, காந்தி ரோடு லாட்ஜ் போர்டெல்லாம் பெங்காலியில இருக்கும். வந்த பிசியோ பையன் காட்பாடிக்காரன், அவருகிட்ட போயி "உட்டுன் தாதா, உட்டுன்"னு பெங்காலியிலயே எழுப்புவான். என்கிட்ட வந்தா "எழுந்துக்கபா கண்டக்டரே, பஸ்ஸு கெளம்பிச்சு"ன்னுவான். நாங்க ரெண்டு பேரும் வராண்டாவுல கைப்பிடியப் புடிச்சிக்கினு நடப்போம். பாஷை தெரியாது. அவரு ஒரு கதவு தாண்டினா நான் ரெண்டு தாண்டுவேன். அவ்ளோதான் போட்டி.

வலி இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். மொத நாளு உட்கார வெச்சப்ப நெஞ்சுமேல யாரோ உரலைத் தூக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிச்சேன் பாரு, பொழச்சிட்டேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சிச்சு.

இன்னொண்ணு. வீட்டுக்கு வந்து பத்து நாளு காரணமே இல்லாம அழுதேன். பேரன் வந்து "தாத்தா"ன்னா அழுகை. டிவில விளம்பரம் வந்தா அழுகை. யாரும் இத முன்னாடி சொல்லல. உங்க நைனாவுக்கும் வரலாம், கண்டுக்காத மாதிரி கூடவே இருங்க. எனக்கு அது நடையிலதான் தீந்துச்சு.

காட்பாடிக் கணக்கு | பிப்ரவரி 10, காலை 11:04

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமனாருக்கு பைபாஸ் முடிந்த இரண்டாம் நாள். "நடங்க, நடங்க" என்று எழுப்பினார்கள். இருபது அடி கூட இருக்காது. கண் இருட்டிக் கீழே சாய்ந்தார், கட்டில் கம்பியில் நெற்றி பட்டு நாலு தையல். மறுபடி ஐசியு, கூடுதலாக மூன்று நாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. பில்லில் மட்டும் தினமும் பிசியோவுக்கு ஒரு வரி தவறாமல் இருந்தது, விழுந்த நாளுக்கும் சேர்த்து. நடக்கவைக்க ஒரு படிப்பு, அதற்கு ஒரு கட்டணம். நம் பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டால் நடக்க மாட்டாரா?

மட்டுறுத்துநர் | பிப்ரவரி 10, காலை 11:30

ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் வேண்டாம். இதுவரை யாரும் போடவில்லை, இனியும் அப்படியே இருக்கட்டும்.

மூச்சுப்பந்து | பிப்ரவரி 10, மதியம் 2:17

காட்பாடிக் கணக்கு சார், அது எங்க தொழில்ல நடந்த தப்பு. சுத்தி வளைக்க மாட்டேன்.

எழுப்பறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு. படுத்த நிலையில பிபி பாக்கணும். கால் ரெண்டையும் கீழ தொங்கவிட்டு ரெண்டு மூணு நிமிஷம் உட்கார வெச்சு, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லிட்டு மறுபடி பாக்கணும். நிக்க வெச்சு இன்னொரு தடவை. மேல் எண் 20 புள்ளி இறங்கினாலோ, தலை சுத்துதுன்னு சொன்னாலோ அன்னைக்கு நடை கிடையாது, நாற்காலியோட சரி. துடிப்பு ஒழுங்குதவறிப் போறதும் ரெண்டாம் நாள்ல இருந்து நாலாம் நாள் வரைக்கும்தான் அதிகம் வரும், அதனால மானிட்டரையும் ஒரு கண் பாத்துக்கணும். பின்னாடியே ஒரு நாற்காலி தள்ளிக்கிட்டு வர ஆள் வேணும். இதுல ஏதோ ஒண்ணை அன்னைக்கு விட்டிருக்காங்க.

நீங்க கேட்டதுக்கும் இதுதான் பதில். கையைப் பிடிச்சு நடக்க வைக்க உங்க பிள்ளையே போதும். இன்னைக்கு நடக்க வைக்கலாமா, வேணாமான்னு முடிவு பண்ணத்தான் படிப்பு.

ஆரணி மருமகள் | பிப்ரவரி 10, மாலை 4:45

எங்க அத்தை கதையும் இருக்கட்டும். வயசு 58, கொஞ்சம் கனத்த உடம்பு, பதினஞ்சு வருஷ சுகர். ஆஸ்பத்திரியில நல்லாத்தான் இருந்தாங்க. வீட்டுக்கு வந்ததும் "கட்டில் வேணாம், எனக்குப் பாய்தான் தூக்கம் வரும்"னாங்க. நாங்களும் விட்டுட்டோம். தினமும் காலையில ரெண்டு கையையும் தரையில ஊணி எழுந்திருப்பாங்க. பத்தாவது நாள் அப்படி ஊணும்போது உள்ளே ஏதோ சத்தம் கேட்டுச்சுன்னாங்க. வாயுன்னு நெனச்சோம். அடுத்த வாரம் காயத்தோட கீழ்ப்பக்கம் பழுப்பா கசிஞ்சுது. மறுபடி சேர்த்து, சுத்தம் பண்ணி, நெஞ்செலும்பைக் கட்டின கம்பியை மாத்திக் கட்டி, அஞ்சு வாரம்.

காட்பாடிக் கணக்கு | பிப்ரவரி 10, மாலை 5:02

ஆக, அசைந்ததால்தான் பிரிந்தது. நான் சொன்னேனா?

இரவுப்பணி | பிப்ரவரி 10, மாலை 6:40

இல்ல சார். சுகர் கட்டுக்குள்ள இல்லாதது ஒண்ணு, பாயில இருந்து கையூணி எழுந்தது ஒண்ணு. நடந்ததால யாருக்கும் நெஞ்செலும்பு பிரியாது.

நடுவுல பிளந்த எலும்பை எஃகுக் கம்பியால தைச்சு வெச்சிருப்பாங்க. அந்தக் கம்பி ஆயுசுக்கும் உள்ளதான் இருக்கும். எலும்பு ஒட்ட ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் நம்ம ஊர் வீட்ல பாக்க வேண்டியது இங்கிலீஷ் பேப்பர்ல இருக்காது, அதனால சொல்றேன்.

பாய் வேணாம், கட்டில். எழும்போது முதல்ல ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கி, காலைக் கட்டிலுக்கு வெளியில போட்டு, அந்தக் கனத்துலயே உடம்பு எழும்பணும். கட்டில் தலைமாட்டுல கயிறு கட்டி இழுத்து எழுறது கூடவே கூடாது, எங்க வார்டுலயே ஒருத்தர் வேட்டியைக் கட்டி இழுத்துட்டு இருந்தார். குந்தி உட்கார்ற கக்கூஸ் கொஞ்ச நாளைக்கு வேணாம். நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி கிடைக்கும், வாங்கிப் போடுங்க. வலி மாத்திரையால மலச்சிக்கல் வரும், மூச்சைப் பிடிச்சு முக்கக் கூடாது, டாக்டர்கிட்ட சிரப் கேளுங்க. தண்ணிக் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில்தான் எல்லை. டூவீலர் பின்னாடிகூட உட்காராதீங்க, நம்ம ரோட்டுப் பள்ளம் போதும் வினைக்கு. கையைத் தூக்கவே கூடாதுன்னும் நெனைக்காதீங்க. ரெண்டு கையையும் சேர்த்து, வலிக்காத அளவுக்கு மெதுவா மேல தூக்கி இறக்கணும், இல்லன்னா தோள்பட்டை இறுகிடும்.

பெண் நோயாளி இருந்தா ஒண்ணு, யாரும் கூச்சப்பட்டுச் சொல்ல மாட்டாங்க. மார்பகக் கனம் ரெண்டு பக்கமும் காயத்தை இழுக்கும். முன்பக்கம் கொக்கி வெச்ச, இறுக்காத பருத்தி பாடி பகல்லயும் ராத்திரியும் போட்டிருக்கணும். "ஜாக்கெட் போதும்"னு விடாதீங்க. ஆரணிக்கா, உங்க அத்தைக்கு இதை யாராவது சொன்னாங்களா?

ஆரணி மருமகள் | பிப்ரவரி 10, இரவு 7:10

இல்லக்கா. ஒருத்தரும் சொல்லல.

குடியாத்தத்தான் | பிப்ரவரி 10, இரவு 9:05

பிசியோ அண்ணா, இப்பத்தான் பக்கத்துல உட்கார்ந்து பாத்தேன். ஊதுறாரு! நாலு நாளா வாய் நோக ஊதிக்கிட்டிருக்காரு. பந்து எப்படி ஏறும்?

மூச்சுப்பந்து | பிப்ரவரி 10, இரவு 9:20

நூத்துக்குப் பாதி பேர் வீட்டுக்குப் போனதும் ஊதத்தான் ஆரம்பிக்கிறாங்க. டப்பாவோட வடிவம் அப்படி. பலூன் ஊதின கைதானே நமக்கு.

உள்ளே இழுக்கணும். மெதுவா, ஆழமா இழுத்து, பந்து மேல நிக்கும்போது ரெண்டு மூணு நொடி பிடிச்சு, அப்புறம் டப்பாவை வாயில இருந்து எடுத்துட்டு விடணும். டப்பாமேல 600, 900, 1200னு போட்டிருக்கும். நொடிக்கு அத்தனை மில்லி காத்து இழுத்தா அந்தந்தப் பந்து ஏறும். நைனா மொத பந்தை ஏத்தினாப் போதும். பத்து தடவை இழுத்துட்டு ஓய்வு. சொன்னா புரியலைன்னா, பீடி இழுக்கிற மாதிரி இழுக்கச் சொல்லுங்க. புரிஞ்சிடும்.

இரவுப்பணி | பிப்ரவரி 10, இரவு 9:26

பிசியோ சார், விட்ட பீடியை நீங்களே ஞாபகப்படுத்தறீங்களே!

குடியாத்தத்தான் | பிப்ரவரி 10, இரவு 9:41

ஏறிடுச்சு!! மொத இழுப்புலயே ஒரு பந்து. நைனா சிரிச்சாரு, சிரிச்சதுல நெஞ்சு வலிச்சு திட்டினாரு.

மூச்சுப்பந்து | பிப்ரவரி 10, இரவு 10:02

நல்லது. ஆனா ஒரு உண்மையையும் சொல்லிடறேன், இதுக்கு என் கூட வேலை செய்றவங்களே கோவிப்பாங்க. பைபாஸ் நோயாளிகளுக்கு இந்த டப்பா மட்டும் தனியா பெரிய பலன் தருதுன்னு ஆதாரம் கிடையாது. 2012ல காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து எடைபோடறது) இதே கேள்வியை எடுத்துப் பாத்துட்டு, நிமோனியாவைத் தடுக்குதுன்னு சொல்ல ஆதாரம் இல்லன்னுதான் முடிச்சுது. எழுந்து நடக்கிறதும் நல்லா இருமுறதும்தான் முதல். டப்பா ஒரு ஞாபகக் குறிப்பு மாதிரி. பந்து ஏறினா ஆளுக்கு உற்சாகம், அதுக்காக வெச்சுக்கலாம். டப்பாவை இழுத்துட்டேன், இனி படுத்துக்கறேன்னு கிளம்பினாத்தான் பிரச்சினை.

ஆபரேஷனுக்கு முன்னாடியே மூச்சுத் தசையைப் பழக்குறதுக்குத்தான் இதைவிட நல்ல ஆதாரம் இருக்கு. 2006ல நெதர்லாந்துல, நுரையீரல் சிக்கல் வர வாய்ப்பு அதிகமா இருந்த பைபாஸ் நோயாளிகளுக்கு அறுவைக்குக் குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி இருந்தே தினமும் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க. மொத்தம் 279 பேர். பயிற்சி எடுத்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல், எடுக்காதவங்கள்ல 35. இந்த இழையைப் படிக்கிற யாராவது தேதி வாங்கிட்டு காத்திருந்தா, இன்னைக்கே உங்க பிசியோவைப் போய்ப் பாருங்க. சும்மா நாள் எண்ணாதீங்க. நெஞ்சுவலி நிலையில்லாம இருக்கிறவங்க மட்டும் டாக்டர் சொன்ன பிறகு.

பாலாற்று மணல் | பிப்ரவரி 11, காலை 7:33

ஓய்வுபெற்ற ஆசிரியன். "மூன்று மாதம் அசையாதே" என்பது நம் பெரியம்மாக்களின் கண்டுபிடிப்பு அல்ல என்பதைச் சொல்ல வந்தேன். அது ஒரு காலத்தில் மருத்துவர்களே விதித்த சட்டம். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையை விட்டு இறங்கவிட மாட்டார்கள். 1952ல் பாஸ்டனில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இருவர் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார்கள். அப்போது அவர்களைக் கொலைகாரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர்களும் மருத்துவர்களே. (இந்த லவுன் சேர்ந்து தொடங்கிய மருத்துவர் அமைப்புக்குத்தான் 1985ல் நோபல் அமைதிப் பரிசு.) ஆகவே மாமாவைத் திட்டாதீர்கள், அவர் கையில் இருப்பது எழுபது வருடப் பழைய மருந்துச்சீட்டு. அவ்வளவுதான்.

1966ல் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். நோய் கிடையாது, வெறும் படுக்கை. உடலின் உழைக்கும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரை ஐம்பது வயதில் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம்.

நம் ஊரையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966ல் இங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் அவர் முயற்சியால் வந்தது, இந்தியாவிலேயே அதுதான் முதல். படுத்தவரை எழுப்பி உட்காரவைக்கும் வைத்தியத்தை வேலூர்க்காரனுக்கு வெளியூர்க்காரன் வந்து சொல்லித்தர வேண்டுமா?

காட்பாடிக் கணக்கு | பிப்ரவரி 11, காலை 10:18

வாத்தியார் ஐயா சொன்னால் மறுக்க முடியவில்லை. பிசியோ தம்பி தப்பைத் தப்பென்று ஒப்புக்கொண்டதும் எனக்குப் பிடித்தது. அந்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒருவர் பேசியிருந்தால் நான் இங்கே வந்து எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆனால் காசுக் கேள்வி அப்படியே நிற்கிறது. வீட்டுக்கு வந்து பார்க்க ஒரு தடவைக்கு 500 ரூபாய் கேட்டார்கள். நெசவாளி வீட்டில் எத்தனை தடவை கொடுப்பார்கள்?

மூச்சுப்பந்து | பிப்ரவரி 11, மதியம் 1:40

நியாயமான கேள்வி. இந்தத் துறையில எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கமே இதுதான். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கு. அஞ்சாறு நாள் கூடவே நின்னு நடக்க வைக்கிறோம். வாசல் தாண்டினதும் ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கையில குடுத்து அனுப்பிடறோம். உண்மையான பயிற்சி ஆரம்பிக்கிறதே அதுக்கப்புறம்தான், அங்கதான் ஆளே இல்ல.

ஒரு வழி இருக்கு. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்கிற இயன்முறை சிகிச்சையும் சேர்த்தி, காசு கிடையாது. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் டிஸ்சார்ஜ் பேப்பரைக் காட்டிக் கேளுங்க. பக்கவாதக்காரங்களைத்தான் அவங்க அதிகம் பாப்பாங்க, அதனால நெஞ்செலும்பு அறுத்தவர்னு முதல்லயே சொல்லிடுங்க. தினமும் ஆள் வரணும்னு அவசியமும் இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை வந்து சரிபாத்தா போதும், மத்த நாள் நடை உங்க பொறுப்பு.

குடியாத்தத்தான், அந்த இங்கிலீஷ் பக்கத்தைப் பேர், நம்பர் மறைச்சு போட்டோ எடுத்துப் போடுங்க. தமிழ்ல எழுதித் தர்றேன்.

புதுமுகம்77 | பிப்ரவரி 13, இரவு 11:50

வேற ஐடியில வந்து கேக்கறேன், மன்னிக்கணும். ஆபரேஷன் ஆகி அஞ்சு வாரம். வயசு 47. கணவன் மனைவி உறவு எப்ப? டாக்டர்கிட்ட கேக்க வாய் வரல.

மூச்சுப்பந்து | பிப்ரவரி 14, காலை 6:05

மன்னிப்பு எதுக்கு சார், கேக்காம பயந்துக்கிட்டு இருக்கிறதுதான் தப்பு. ரெண்டு மாடி நிறுத்தாம ஏறி, நெஞ்சுவலியும் பெருமூச்சும் இல்லன்னா இதயம் தாங்கும். பெரும்பாலும் ஆறு எட்டு வாரம். நெஞ்செலும்பு ஒட்டுற வரைக்கும் கையூணி உடம்புக் கனத்தைத் தாங்குற மாதிரி வேணாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கறவங்க ஆண்மை மாத்திரை எதையும் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது, பிபி பாதாளத்துக்குப் போயிடும்.

குடியாத்தத்தான் | பிப்ரவரி 24, இரவு 8:30

நாலாவது வாரம். கட்டில் வாங்கியாச்சு, ஓட்டை நாற்காலியும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள தெருக்கோடி பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிட்டு வர்றார், பன்னெண்டு நிமிஷம். தமிழ்ல எழுதிக் குடுத்ததைச் சுவத்துல ஒட்டியிருக்கோம். சுகாதார நிலையத்துல இருந்து ஒரு தடவை வந்து பாத்தாங்க. கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு, உட்காரும்போது முக்காலி மேல தூக்கி வெச்சுக்கறார். கண்டக்டர் அண்ணாத்தே சொன்ன மாதிரி ஒரு நாள் அழுதார். கேவுரு களி தட்டைக் கையில வெச்சுக்கிட்டு.

இப்ப வேற தலைவலி. தறியில உட்காரணுங்கறார். பாவு பாதியில நிக்குதாம். "சும்மா கால் மிதியைத்தான் மிதிக்கப் போறேன்"னு சொல்றார். விடலாமா?

மூச்சுப்பந்து | பிப்ரவரி 25, காலை 5:48

நான் குழித்தறி பாத்திருக்கேன். கால் மிதியில பயம் இல்ல, நல்ல பயிற்சிகூட. வினையே கையிலதான். வலது கை நாடாவை (ஊடு நூலைக் கொண்டு போற கட்டையை) ஓட்டக் கயிற்றை வெடுக்கு வெடுக்குனு இழுக்கும், இடது கை பலகையை அடிக்கும். ரெண்டு கையும் ரெண்டு திசையில, நிமிஷத்துக்கு எத்தனை தடவை! பாதி ஒட்டின எலும்புக்கு இதைவிட மோசமான வேலை கிடையாது. பள்ளத்துல இறங்கி ஏறும்போது கையூணுறது வேற.

மூணு மாசம் முடிஞ்சு சர்ஜன் நெஞ்சை அழுத்திப் பாத்து சரின்னு சொன்ன பிறகு, முதல் வாரம் அரை மணி நேரம். அதுவரைக்கும் தார் (நாடாவுக்குள்ள போடற நூல் குழல்) சுத்த உட்கார வைங்க. மேசை உயரத்துல, உடம்போட கையை ஒட்டி வெச்சு செய்யற வேலை. தறிக்கூடத்துல உட்கார்ந்திருந்தாலே பாதி மனசு ஆறிடும்.

கோட்டைவாசல் | பிப்ரவரி 25, காலை 9:12

ரிவ்யூவுக்கு வேலூர் வந்தா கோட்டைக்கு இட்டுக்கினு வாங்க. அகழி ஓரம் பூங்காவுல சமதளம், நிழலு, உட்கார பெஞ்சு. காலையில ஆறு மணிக்கு நான் அங்கதான் கீறேன். சட்டையில மேல் பட்டன் போட மாட்டேன், கோடு தெரியும். கண்டுபுடிச்சிக்கலாம்.

குடியாத்தத்தான் | மே 16, இரவு 9:55

ரொம்ப நாள் ஆச்சு, மன்னிக்கணும். ஏப்ரல் கடைசியில ரிவ்யூ. எலும்பு ஒட்டிடுச்சு, எக்கோ (இதய ஸ்கேன்) நல்லா இருக்குன்னாங்க. கோட்டைக்கும் போனோம். நைனாவும் கண்டக்டர் அண்ணாத்தேயும் சட்டையைத் திறந்து தழும்புக் கோட்டை அளந்துக்கினு இருந்தாங்க, யாருது நீளம்னு. மே முதல் வாரத்துல இருந்து தறி. பிசியோ அண்ணா சொன்ன மாதிரி அரை மணி நேரம்தான், நான் போன்ல அலாரம் வெச்சு எழுப்பறேன். டப்பா இப்ப பேத்திகிட்ட. அவ மூணு பந்தையும் ஏத்துறா, நைனா ரெண்டு.

நேத்து வைகாசி ஒண்ணு, எங்க ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா. ஒரு வருஷம்கூட நைனா விட்டதில்ல. கூட்டத்துல யார் முழங்கையாவது நெஞ்சுல இடிச்சா என்ன பண்றதுன்னு எனக்குப் பயம், விடமாட்டேன்னுட்டேன். கடைசியில ஊர்வலம் போற தெருவுல சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில இருந்து பாக்கலாம்னு முடிவாச்சு. செங்குத்தான படி. நைனா பேசிக்கிட்டே ஏறினார், நடுவுல நிக்கல. பின்னாடியே மாமா ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டு வந்தார். மேல போனதும் என்னைப் பாத்து, "பதினெட்டுபா"ன்னார். மாமாவுக்குத்தான் மூச்சு வாங்கிச்சு.